ஓடைமேட்டுக்குக் காடு வந்தது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் போன் வேண்டியிருக்கிறது. தலை நனைந்துகொண்டிருக்கும், கட்டைவிரலால் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, மழை வருமாம் என்பார்கள். அதனால்தான் திருவிடந்தைக்குத் தெற்கே ஓடைமேட்டுக் காலனியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் கல்லறை மேட்டில் ஒரு முழுக் காடு வந்து நின்றபோது, அதை ஒருவரும் முதலில் கண்ணால் பார்க்கவில்லை. போனில்தான் பார்த்தார்கள். ஏசுபாதத்தின் மகள் ஜாய்ஸ், சாயங்கால ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் டிராபிக் எப்படி என்று பார்க்கப் போனில் வரைபடத்தைத் திறந்தவள், ஊருக்குக் கிழக்கே பச்சை அப்பியிருப்பதைக் கண்டு, அதற்குப் பிறகுதான் ஜன்னலைத் திறந்தாள். காடு இருந்தது. சரிதான் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

வந்தது கன்றும் செடியுமாக இல்லை. காசா, வீரை, பாலை, நாவல் என்று நூறு வருஷத்து மரங்கள், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரத்தோடு வந்திருந்தன. கிளைகளில் தேன்கூடு தொங்கியது. கீழே போன வருஷத்துச் சருகு மக்கிக் கிடந்தது. ஒரு அணில், பிறந்ததிலிருந்து அங்கேயே குடியிருக்கிற சலிப்போடு ஊர்க்காரர்களைப் பார்த்தது. மரங்கள் மரியாதை தெரிந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சிலுவையையும் சாய்க்கவில்லை, ஒரு நடுகல்லையும் பெயர்க்கவில்லை. இந்துக்களுக்கும் வேதக்காரர்களுக்கும் அந்த மேடு பொது. இரண்டு பக்கத்து மண்ணையும் மிதிக்காமல் இடுக்கு பார்த்து நின்றிருந்தன. காலியாகக் கிடந்த இடத்தில் மட்டும்தான் வேர் விட்டிருந்தன. ஏசுபாதத்துக்குத் தகராறு வந்தது அந்தக் காலி இடத்தினால்தான்.

ஏசுபாதம் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் கேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்ந்தவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கே வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கியவர், வேலை போனபிறகு அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். தபால்காரர் பெயரைக் கூப்பிட்டால், எந்த ஏசுபாதம் என்று கேட்பார். அவருடைய மனைவி ரெபேக்காள் அந்த மேட்டில் கிடக்கிறாள். இருவரும் வாழ்ந்த காலமெல்லாம் சண்டை போட்டவர்கள். அவள் போன பிறகு சண்டைக்கு ஆளில்லாமல் அவர் இளைத்துப்போனார். கடைசியாக அவள் சொன்னது, நீ வர்ற வரைக்கும் என் பக்கத்து இடத்தைக் காலியாக வை, வேறு எவளாவது வந்து படுத்துக்கொள்ளப் போகிறாள் என்பதுதான். அந்த இடத்தை ஏசுபாதம் ரிசார்ட் கேட்டைப் போலவே காவல் காத்தார். எத்தனையோ பேர் கேட்டும் விடவில்லை. இப்போது அதே இடத்தில், ரெபேக்காளின் வலது பக்கத்தில், ஒரு நாவல் மரம் கால் பரப்பி நின்றது.

இது எப்படி நடந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளமும் புயலும் வருஷா வருஷம் வந்து போவதால், காடு எங்கே, ஏரி எங்கே, தண்ணீர் எங்கே ஏறும் என்பதையெல்லாம் படமாகப் போட்டுக் கண்காணிக்கச் செங்கல்பட்டில் ஒரு மாடியில் ஆபீஸ் திறந்தார்கள். காட்டுக்குப் பச்சை, நீருக்கு நீலம், ஆபத்துக்குச் சிவப்பு. மேலேயிருந்து செயற்கைக்கோள் பார்க்கும். அது பார்க்க முடியாததை ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கையிலிருக்கிற டேப்லெட்டுப் பலகையில் விரலால் வரைய வேண்டும். வரைந்தால் வரைந்தபடியே ஆகிவிடுகிறது என்பது அப்போதே அங்கங்கே தெரிய ஆரம்பித்திருந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கைதவறி நீலத்தை இழுத்துவிட்டார்கள். மறுநாள் அங்கே அல்லி பூத்திருந்தது. சங்கத்தார் இரண்டு கூட்டம் போட்டுவிட்டு ஜிலேபிக் கெண்டை வளர்க்கிறார்கள். படூரில் சமதரையான ஒரு தெருவை மேடு என்று குறித்துவிட்டார்கள். அதிலிருந்து அங்கே பைக்குகள் முதல் கியரில்தான் ஏறுகின்றன, திரும்பி வரும்போது பெட்ரோல் மிச்சம்.

ஓடைமேட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் பிரதீபா. அப்பா கல்பாக்கத்தில் விஞ்ஞானி, பூர்வீகம் தென்காசிப் பக்கம், வீடு படூரில் ஒன்பதாவது மாடி. வெயிலுக்குத் தொப்பியும் கையில் பலகையுமாக வந்து மோகனின் டீக்கடையில் உட்கார்ந்தாள். காலனியின் கிழக்கு மூலைக்கு மேலே செயற்கைக்கோள் பார்க்கும் நேரமெல்லாம் ஒரு மேகம் நின்றுவிடுவதாகவும், அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாமல் படத்தில் ஓட்டை விழுந்திருப்பதாகவும் சொன்னாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதால் தாண்டிப் போக வழியில்லை, கரையில் மண்டிய நாணல் மறைத்ததால் இங்கிருந்து பார்க்கவும் வழியில்லை. எதிர்ப் பெஞ்சில் ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, இந்த ஊர்ல காடு எங்க இருக்கு?"

ஓடைமேட்டில் காடு என்றால் ஒரே ஒரு பொருள்தான். சாவுக்குப் போய் வந்தவர்கள், காட்டுக்குப் போய்விட்டு வந்தோம் என்றுதான் சொல்வார்கள். சுடுகாட்டையும் இடுகாட்டையும் சேர்த்துச் சுருக்கி வாயில் போட்டுக்கொண்ட சொல் அது. ஏசுபாதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாவு விழுந்த முகமாக இல்லை.

"இன்னாத்துக்கு கேக்கற?"

"கணக்கெடுக்கறோம்."

செத்தவனையும் விடுவதில்லை போல என்று நினைத்துக்கொண்டு அவர் மோவாயால் கிழக்கே காட்டினார். "ஓடைக்கு அந்தாண்ட மேடு கீதுல்ல, அதான் காடு."

"பழைய காடா?"

"எங்க தாத்தனுக்கு தாத்தனே அங்கதான் கீறான்."

பிரதீபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இல்லாம? பாதி ஊரு அங்கதான கீது. எம்பொண்டாட்டி கீறா."

"அவங்க வெளிய வருவாங்களா? பேச முடியுமா?"

"உள்ள போனவன் எவனும் இதுவரிக்கும் வெளிய வந்தது இல்லம்மா."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மோகனுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் தமாஷ் கெட்டுவிடும் என்று ஆற்றிய டீயையே திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டிருந்தார். பிரதீபா பலகையில், அடர்ந்த பழங்காடு, உள்ளே ஆதிக்குடிகள் வசிக்கிறார்கள், வெளியாட்களோடு பழக்கமில்லை என்று எழுதினாள். பிறகு விரலால் மேட்டைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பாதி இழுக்கும்போது ஏசுபாதம், இவ்வளவு நேரமாக ஒரு டீ ஆற்றுவாயா என்று பெஞ்சை ஓங்கித் தட்டினார். பெஞ்சு ஆடியது, விரல் வழுக்கியது. கோடு ஓடையைத் தாண்டி வந்து, டீக்கடையை ஒரு மூக்குப் போலச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனது. அவள் கவனிக்கவில்லை. பச்சையை நிரப்பி அனுப்பிவிட்டு, டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

காடு வந்தபோது அந்த மூக்கும் தவறாமல் வந்தது. மோகனின் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு வீரை மரம் கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. மறுநாளே வனக்காவலர் பார்த்திபன் பலகையும் ஆணியுமாக வந்து, காப்புக் காடு, மரம் வெட்டக்கூடாது, மண் தோண்டக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது என்று அறைந்துவிட்டுப் போனார். மோகன் அன்று அடக்கிய சிரிப்புக்குத் தண்டனையாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. மண் தோண்டக்கூடாதென்றால் புதைப்பது எங்கே என்று ஜனங்கள் கேட்டார்கள். பார்த்திபன் தங்கமான மனிதர். மேலேயிருந்து உத்தரவு வரும்வரை தயவுசெய்து யாரும் சாக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரும் ஒத்துழைத்தது. வாரக்கணக்கில் வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்த கல்யாணி கிழவிகூட, சரி, உத்தரவு வரட்டும் என்று எழுந்து உட்கார்ந்து ரேடியோ கேட்க ஆரம்பித்தாள்.

ஏசுபாதத்துக்கு மட்டும் பொறுக்கவில்லை. தினம் ஓடையைத் தாண்டிப் போய் நாவல் மரத்தை முறைத்துவிட்டு வருவார். ஊரில் இத்தனை மண் இருக்க, இவள் பக்கத்தில் வந்து நின்றாயே என்று அதை வைது பார்த்தார். மரம் பழம் உதிர்த்தது. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருப்போரூர் வழியாக பஸ் மாறிச் செங்கல்பட்டுக்குப் போய், மாடி ஏறி, பிரதீபாவின் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, காட்டை எடு என்றார்.

அவள் நல்ல பெண். நாற்காலி கொடுத்தாள். ஆனால் அந்த ஆபீசின் நடைமுறை வேறு மாதிரி இருந்தது. படம் தப்பு என்று ஒருவர் சொன்னால் தரையைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தாயிற்று, தரையில் காடு இருக்கிறது. ஆகவே படம் சரி. அவளுடைய மேலதிகாரி ஹரிகிருஷ்ணன் இதைப் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார்.

"நீ தப்பா எய்தின, தரை அத பாத்து காப்பி அட்ச்சிகீது. இப்ப காப்பியப் பாத்து நான் எய்தினது சரின்றியே, இது இன்னா நாயம்?" என்றார் ஏசுபாதம்.

ஹரிகிருஷ்ணனுக்கு, இந்தக் கிழவர் தினம் வந்து உட்கார்ந்துவிடுவார் என்பது தெரிந்தது. புகார் கொடுத்தால் ஆவன செய்யலாம் என்றார். புகாரைப் பிரதீபாவே எழுதிக்கொண்டாள். என் இடத்தில் மரம் வந்து நிற்கிறது என்பதற்கு மேல் அவர் காரணம் சொல்லவில்லை. காடு என்பதை நீக்கி, வெற்று நிலம் என்று மாற்றலாம். மாற்றினால் டீ நேரத்துக்குள் மரங்கள் போய்விடும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் மறைக்காமல் சொன்னாள். அதே படத்தில் ஓடைமேட்டுக் காலனி முன்பு சிவப்பாக இருந்தது, புயல் வந்தால் கடல் ஏறும் இடம் என்று. காடு வந்தபிறகு சிவப்பு வெளுத்து மஞ்சளாகிவிட்டது. காடு போனால் திரும்பவும் சிவப்பு.

கலரைப் பார்த்துக் கடல் நின்றுவிடுமா என்று கேட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார்.

புகார் மேலே போய்க் கீழே வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது, வங்கக்கடலில் ஒரு புயலும் கிளம்பிவிட்டது. போன்கள் எல்லாம் ஒரே குரலில் அலறின. ஜாய்ஸ் அப்பாவிடம் ஒன்றும் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவர் எதிர்ப்பக்கம் போவார் என்று அவளுக்குத் தெரியும். தெருவில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. உன் ஒருத்தன் படுக்கைக்காக எல்லோருடைய வீட்டையும் கடலுக்குக் கொடுப்பாயா என்று மோகனே வந்து கேட்டார். நீ அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்றார் ஏசுபாதம். இரண்டு பேரும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அன்று அவர் மேட்டுக்குப் போய் ரெபேக்காளின் சிலுவைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார் என்கிறார்கள். காற்று அப்போதே ஊதலாக இருந்ததாம்.

புயலுக்கு முந்திய நாள் முற்பகலில் அவருடைய போன் அடித்தது. பிரதீபா.

"தாத்தா, உங்க புகார் ஓகே ஆயிடுச்சு. இப்ப உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அந்த நம்பர மட்டும் சொல்லுங்க, காட்ட எடுத்துடறேன்."

நம்பர் வந்தது. ஜாய்ஸ் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். ஏசுபாதம் போனைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டார். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"யார் பேசறது?"

"பிரதீபா தாத்தா."

"பிரதீபாதான்னு நான் எப்டி நம்பறது?"

"தாத்தா, டீக்கடைல பேசினோமே. உங்க வீட்டம்மா காட்டுல இருக்காங்கன்னு சொன்னீங்களே."

"அது ஊருக்கே தெரியும்."

"தாத்தா, நேரமாகுது, நம்பர் செத்துடும்."

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதன்னு நீங்கதான போன எட்த்தாவே ஓதறீங்க. இப்ப நீங்களே கேட்டா இன்னா அர்த்தம்? என்னை இன்னா கேனைன்னு நினைச்சிகினியா?"

என்று போனை வைத்துவிட்டார். நம்பர் செத்தது. அடுத்து வந்த நம்பருக்கும் அதே கதிதான் ஆயிற்று. மூன்றாம் முறை ஆபீசில் கரண்ட் போய்விட்டது. ஏசுபாதம் தெரிந்தேதான் சொல்லவில்லை என்பது இன்றுவரை ஜாய்ஸின் கட்சி. அந்த ஆளுக்கு அவ்வளவு நல்ல மனசு எப்போதும் கிடையாது என்பது மோகனின் கட்சி. அவரைக் கேட்டால், ஓடிபி கேட்டவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது, அவசரப்படுகிறவன் திருடன், அவ்வளவுதான் என்பார்.

மறுநாள் விடிந்ததும் கடல் எழுந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டி, படகுகளை உருட்டிக்கொண்டு, மேட்டை நோக்கி நேராக வந்தது. பிரதீபா விரலால் இழுத்த கோடு வரை வந்தது. வந்து, நின்றது. தென்னை உயரத் தண்ணீர், கண்ணாடி அலமாரியைப் போல, காட்டின் விளிம்பில் நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவள் விரல் நேராகப் போன இடத்தில் கடல் நேராக நின்றது. கை நடுங்கிய இடத்தில் நடுங்கினாற்போல் நெளிந்து நின்றது. ஓடை வழியாகச் சுற்றி வந்த தண்ணீர் மூக்கு வரை வந்து, பழைய டீக்கடையைச் சுற்றி வளைத்து, கடையைத் தொடாமல் நின்றது. மோகன் அந்தக் கடைக்குள் வீரை மரத்தில் சாய்ந்துகொண்டு, மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வஞ்சிரமும் சங்கராவும் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வஞ்சிரம் அவரையே வெகுநேரம் பார்த்ததாம். கடல் மதியம்வரை பொறுத்திருந்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிப் போனது. அந்த வாரம் கோவளத்தில் வஞ்சிரம் விலை இறங்கியிருந்தது. ஏசுபாதம் ஓடைக்கரையில் கோணியைப் போர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். காற்று திசை மாறிவிட்டது, அதுதான் என்றார்.

தண்ணீர் வடிந்து ஓடை கணுக்காலுக்கு இறங்கியபின் பிரதீபா வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி, தான் வரைந்த காட்டுக்குள் முதல்தடவையாக நுழைந்தாள். ஏசுபாதம் பின்னாலேயே போனார், எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று. மரங்களுக்கு நடுவே சிலுவைகளும் கற்களும் இருந்தன. அவள் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்து, ரெபேக்காள் என்ற பெயருக்கு முன்னால் நின்றுவிட்டாள். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"உள்ள இருக்கவங்கன்னு சொன்னது இவங்களையா?"

"பின்ன? வெளிய வருவாளான்னு வேற கேட்ட."

"காடுன்னா மரம்னு நினைச்சேன் தாத்தா."

"முட்டுக்காட்டுல இன்னா மரமா கீது? போட் சவாரிதான் வுடறான்."

அவள் சருகில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாவல் மரம் நிற்கிற இடம் யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. அவர் அதை முறைத்த முறைப்பிலேயே தெரிந்துவிட்டது. பலகையைத் திறந்தாள். பச்சையை அழிக்கவில்லை. படத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு, வகை என்று ஒன்று, பயன்பாடு என்று ஒன்று. வகையில் காடு என்று முன்பே இருந்தது. காலியாகக் கிடந்த பயன்பாட்டில் அவள் ஓடைமேட்டுச் சொல்லையே, ஓடைமேட்டு அர்த்தத்தில் எழுதினாள்: காடு. அந்தப் படத்துக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. ஏற்றுக்கொண்டது.

அன்று சாயங்கால டீக்குள் மரங்கள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டன, பஸ்ஸில் ஆள் ஏறும்போது நகர்ந்துகொள்வதைப் போல. ஒவ்வொரு குடும்பத்தின் பக்கத்திலும் ஒரு படுக்கைக்கு இடம் விட்டன. பார்த்திபன் பலகையை மாற்றி எழுதினார். கல்யாணி கிழவி ரேடியோவை நிறுத்திவிட்டு அந்த வாரமே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். காசா மரத்தடியில் நல்ல நிழல். ஜனங்களுக்கு இப்போது இதெல்லாம் பழகிவிட்டது. சாவுக்குப் போய் வருகிறவர்கள் நாவல்பழத்தோடு திரும்புகிறார்கள்.

ஏசுபாதம் மறுநாள் காலை தனியாகப் போய்ப் பார்த்தார். நாவல் மரம் ஒரு எட்டுத் தள்ளி நின்று, வேரை மடக்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டை உதறி விரித்து, ரெபேக்காளுக்கு வலது பக்கத்தில் நீட்டிப் படுத்தார். தோள் அவள் குழிமேட்டில் இடித்தது. கால் இடிக்கவில்லை. தலைமாட்டில் ஒரு வேர் தலையணை அளவுக்குப் புடைத்திருந்தது. ரெபேக்காளே செய்த ஏற்பாடாக இருக்குமோ என்று அதையும் சந்தேகமாகத் தடவிப் பார்த்தார். மேலே இலைக்கு நடுவில் கொஞ்சம் வானம் தெரிந்தது. அங்கே அந்த மேகம் இன்னும் நின்றிருந்தது. சற்று நேரம் கழித்து எழுந்து, முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இந்த வாட்டி அந்தப் பொண்ணு ஓடிபியே கேக்கல, ரெபேக்கா. ஓடிபி கேக்காம எவனாச்சும் எதாச்சும் குட்ப்பானா? எதுக்கும் நான் அப்பறமா வரேன்."

என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தை ஒருதரம் திரும்பி முறைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே ஓடையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்.